திரையில் அரசவை, கல்லில் அரசவை

அரசர்களைப் பற்றிய திரைப்படம் ஒன்று வெளிவந்துவிட்டால் நம்மிடையே இரு சாரார் எழுந்துவிடுகின்றனர். 'இது வரலாறு அன்று; திரிபு' என்று சினப்போர் ஒரு சாரார். 'கலைக்கு எதற்கு ஐயா வரலாறு? கண்டு களியுங்கள்' என்போர் மற்றொரு சாரார். இரு சாராரும் வாதிடும் வேகத்தில் ஒன்றைக் கேட்க மறந்துவிடுகின்றனர். படம் பிழைபட்டது என்றால், எதனோடு ஒப்பிட்டுப் பிழைபட்டது? அந்த வரலாறு எங்கே எழுதப்பட்டிருக்கிறது? அதில் என்ன இருக்கிறது, என்ன இல்லை? இவ்வினாக்களுக்கு விடை காணாமல் படத்தைப் புகழ்வதும் வீண்; பழிப்பதும் வீண்.

நான் வரலாறு பயில்பவன் அல்லேன்; கடலுயிரியல் பயிலும் முதுகலை மாணவன். இராமநாதபுரத்துச் சீமையிலிருந்து பிழைப்பு நாடி இத்தீவுக்கு வந்த குடும்பத்தில் பிறந்தவன். அரசவைகளைப் பற்றி எழுத இவனுக்கு என்ன வந்தது என்று அன்பர்கள் கேட்கலாம். எங்கள் ஆய்வுக்கூடத்தில் முதல் நாளே கற்பிக்கும் விதி ஒன்று உண்டு. கண்ணாற் கண்டதைத் தனியே எழுது; கண்டதிலிருந்து நீ உய்த்துணர்ந்ததைத் தனியே எழுது; இரண்டையும் ஒரே வரியில் கலவாதே. இந்த விதியை மட்டுமே நான் இங்குக் கைக்கொள்கிறேன்.

மற்றொரு காரணமும் உண்டு. 2024 செப்டம்பரில் போர்ட் பிளேர் என்னும் எங்கள் தலைநகரின் பெயர் ஸ்ரீ விஜயபுரம் என மாற்றப்பட்டது. இத்தீவுகள் ஒரு காலத்தில் சோழப் பேரரசின் கடற்படைத் தளமாக விளங்கின என்று அவ்வறிவிப்பில் கூறப்பட்டது. விடுதலைப் போரின் வெற்றியைக் குறிப்பதே அப்பெயர் என்றும் சொல்லப்பட்டது. ஆயினும் தமிழ் வரலாறு அறிந்தவன் காதில் ஸ்ரீவிஜயம் என்ற சொல் வேறு விதமாகவும் ஒலிக்கும். 1025ஆம் ஆண்டில் இராசேந்திர சோழன் கப்பற்படை அனுப்பி வென்ற நாட்டின் பெயரும் அதுவே அன்றோ? வென்றவனை நினைந்து பேசிய அறிவிப்பில் தோற்றவன் நாட்டுப் பெயர் போன்றதொரு பெயர் அமைந்தது வியப்புத்தான். அது கிடக்க. சோழர் அரசவை எங்களுக்குப் பழங்கதை அன்று. அஞ்சல் முகவரியிலேயே வந்து நிற்கிறது என்பதற்காக இதைச் சொன்னேன்.

சோழர் அவையை இன்றைய தமிழர் பெரும்பாலும் திரையில்தான் காண்கின்றனர். 1973இல் வெளிவந்த 'இராசராச சோழன்' தமிழின் முதல் சினிமாஸ்கோப் படம். அரு. இராமநாதனின் நாடகத்தைத் தழுவி, ஏ. பி. நாகராசன் இயக்க, சிவாசி கணேசன் நடித்தார். அடுத்த தலைமுறைக்குக் கிடைத்தது 'பொன்னியின் செல்வன்'. கல்கி 1950 முதல் 1954 வரை தொடராக எழுதிய நாவலை மணிரத்னம் 2022, 2023 ஆகிய ஆண்டுகளில் இரு பாகங்களாகப் படமாக்கினார். முன்னதில் நாடக மேடையின் அரசவை. பின்னதில் ஓவியம் போன்ற அரசவை. இரண்டிலும் மெய்யான சோழர் அவை எவ்வளவு இருக்கிறது?

முதலில் கட்டடத்தைப் பார்ப்போம். பொன்னியின் செல்வனின் சில பகுதிகள் மத்தியப் பிரதேசத்து ஓர்ச்சா, குவாலியர் முதலிய இடங்களில் எடுக்கப்பட்டன. கல்லால் எழுப்பிய உயர்ந்த மதில்கள், மாடங்கள், வளைவுகள் எல்லாம் கண்ணைப் பறிக்கின்றன. ஆனால், குவாலியரின் மான் மந்திர் அரண்மனை 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்தது. ஓர்ச்சாவின் மாளிகைகள் அதற்கும் பிந்தியவை. சுந்தர சோழன் காலமோ பத்தாம் நூற்றாண்டு. ஐந்நூறு ஆண்டு இடைவெளி! அதற்காகப் படமெடுத்தவர்களை நான் பெரிதும் குறை கூற மாட்டேன். சோழர் கோயில்கள் நிற்கின்றன. சோழர் அரண்மனை ஒன்றேனும் நிற்கவில்லை. நிற்காத ஒன்றை எங்கே போய்ப் படம் பிடிப்பது?

ஏன் நிற்கவில்லை என்பதில்தான் செய்தி இருக்கிறது. கங்கைகொண்ட சோழபுரத்தில் மாளிகைமேடு என்னும் இடத்தில் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையினர் 1980 முதல் அகழ்ந்து பார்த்திருக்கின்றனர். அங்கே கிடைத்தவை சுட்ட செங்கற் சுவர்கள், தூண்களைத் தாங்கிய கருங்கல் அடிப்பீடங்கள், கூரை ஓடுகள், இரும்பாணிகள், சீனப் பீங்கான் ஓடுகள். பீடத்தின்மேல் நின்ற தூண்கள் மரத்தாலானவை. மண்ணில் மக்கிப் போயின. ஆகவே, கடலுக்கு அப்பால் படை அனுப்பிய மன்னன் வீற்றிருந்த இடம் செங்கற் சுவரும் மரத்தூணும் ஓட்டுக் கூரையும் கொண்ட மனை. இறைவனுக்குக் கருங்கல், அரசனுக்குச் செங்கல்! இந்த ஒரு வேறுபாட்டைத் திரையில் காட்டிவிட்டாலே, சோழர் தம்மைப் பற்றியும் தம் தெய்வத்தைப் பற்றியும் என்ன எண்ணினர் என்பதை ஒரு சொல்லும் பேசாமல் உணர்த்திவிடலாம். செட்டுக்குச் செலவும் குறையும்.

ஆடையணி பற்றிச் சான்று தேடுவோர் தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போக வேண்டும். கருவறையைச் சூழ்ந்த இருண்ட உட்சுற்றில், நாயக்கர் கால ஓவியப் பூச்சின் அடியில் சோழர் ஓவியங்கள் மறைந்து கிடப்பதை 1931இல் கண்டு உலகுக்கு அறிவித்தவர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து எஸ். கே. கோவிந்தசாமி. சுந்தரர் கதையும் திரிபுரம் எரித்த காட்சியும் ஆடல் மகளிரும் அங்கே உள்ளனர். பெரும்பாலும் தைக்காத ஆடை. மேனியை மறைப்பது துணியைவிட அணிகலனே. நம் படங்களில் அரசன் தோள் முதல் கணுக்கால் வரை பட்டும் சரிகையும் பூண்டு வருகிறான். தணிக்கைக் குழுவையும் குடும்பத்தோடு படம் பார்க்க வருவோரையும் எண்ணினால், ஓவியத்தில் உள்ளபடியே காட்டுவது எளிதன்று என்பது எனக்கும் விளங்குகிறது. இதை விட்டுவிடுவோம்.

நான் விட மாட்டேன் என்பது வேறொன்று. அரசவை என்பது கட்டடமும் ஆடையும் அன்று; அது வேலை செய்யும் முறை. திரையில் அரசன் அரியணையில் அமர்ந்து உரத்த குரலில் ஆணையிடுகிறான், தளபதி வாளை உருவித் தலை வணங்குகிறான், ஆணை நிறைவேறிவிடுகிறது. கல்வெட்டும் செப்பேடும் காட்டும் சோழர் அவை இவ்வளவு எளிதன்று. அரசன் வாய்மொழியாகச் சொன்னதைக் கேட்டு ஏற்போர் 'திருவாய்க்கேள்வி' எனப்பட்டனர். அதை ஓலையில் எழுதியவன் 'திருமந்திர ஓலை'. எழுதியது சரியே என்று ஒப்பம் தருவோர் 'திருமந்திர ஓலை நாயகம்'. பின்னர் அது 'புரவுவரித் திணைக்களம்' என்னும் வரித்துறைக்குச் சென்று கணக்கில் ஏற வேண்டும். ஒரு சிற்றூரின் வரியைக் கோயிலுக்கு மாற்றுவதற்கே இத்தனை கை மாறி, இத்தனை பேர் பெயரும் பதிவாகும். இராசராசன் ஆற்றல் வாளில் மட்டும் இருந்ததன்று. இந்த ஓலைக் கட்டுகளில் இருந்தது. எந்தப் படத்திலாவது ஓலை எழுதும் அலுவலன் ஒருவன் இரண்டு நிமிடம் திரையில் நின்றதுண்டா? தூதன் இடுப்பில் செருகி ஓடும் இரகசிய ஓலையைத்தான் கண்டிருக்கிறோம்.

ஆணை எங்கிருந்து பிறந்தது என்பதும் சுவையானது. பெரிய கோயிலில் இராசராசன் வெட்டுவித்த முதன்மையான கல்வெட்டு அவனுடைய 26ஆம் ஆட்சியாண்டின் 20ஆம் நாளுக்குரியது. தான் கொடுத்தவை, தன் தமக்கை கொடுத்தவை, தன் தேவியர் கொடுத்தவை, பிறர் கொடுத்தவை எல்லாவற்றையும் கல்லில் வெட்டுக என்பது ஆணை. அதைச் சொன்னபோது அவன் அரியணையில் வீற்றிருக்கவில்லை. அரண்மனைக்குள் கிழக்குப் பக்கத்துத் திருமஞ்சன சாலையில், அதாவது நீராடும் கூடத்தில், தானம் செய்துகொண்டிருந்தான் என்று கல்வெட்டே கூறுகிறது. நாகப்பட்டினத்துப் புத்த விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்னும் ஊரை அளித்த ஆணை, தஞ்சாவூர்ப் புறம்படியில் இருந்த மாளிகை ஒன்றின் தெற்கு மண்டபத்தில் அவன் இருந்தபோது பிறந்தது. அவ்விகாரம் ஸ்ரீவிஜயத்து மன்னன் பெயரால் எழுந்தது; செப்பேடு இன்று இலெய்டன் செப்பேடு என்று வழங்குகிறது. தந்தை இராசராசன் ஊர் கொடுத்துப் போற்றிய நாட்டின்மேல் மகன் இராசேந்திரன் இருபது ஆண்டுகளுக்குள் படை அனுப்பினான். இதைவிட நாடகம் வேண்டுமா? இதை எவரும் இன்னும் படமாக்கவில்லை.

ஆடல் மகளிரைப் பற்றியும் ஒரு சொல். திரையில் அவர்கள் பெயரில்லாத கூட்டம். அரசன் முகத்தைக் காட்டுவதற்கு முன் சுழன்றாடிவிட்டு மறைவோர். பெரிய கோயில் கல்வெட்டோ தளிச்சேரிப் பெண்டுகள் நானூற்றுவரை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி எழுதுகிறது. எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தாள், எந்தத் தெருவின் எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு அவளுக்கு என்பதெல்லாம் அங்கே உண்டு. ஒவ்வொருத்திக்கும் ஆண்டுக்கு நூறு கலம் நெல். ஆயிரம் ஆண்டுக்கு முந்திய கல் அவர்களுக்குத் தந்த பெயரை இன்றைய படம் தருவதில்லை.

இனி மாந்தர்களிடம் வருவோம். பொன்னியின் செல்வனில் உள்ளம் கவர்வோர் பலர். வந்தியத்தேவன் மெய்யாக வாழ்ந்தவன். ஆனால், குந்தவையின் கணவன் வல்லவரையர் வந்தியத்தேவர் என்று கல்வெட்டில் வரும் பெயரிலிருந்து, குதிரையேறித் திரியும் அந்தக் குறும்புக்கார வீரனைப் படைத்தது கல்கியின் கற்பனை. நந்தினி முழுதும் கற்பனை. நாவலாசிரியன் இவ்வாறு செய்ய உரிமை உடையவன். கல்கி எழுதியது நாவல். ஆய்வு நூல் என்று அவர் யாரையும் நம்பச் சொல்லவில்லை.

தொல்லை எங்கே வருகிறதென்றால், ஆதித்த கரிகாலன் கொலையில் வருகிறது. இளவரசன் கொல்லப்பட்டது உண்மை. காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடியில் அனந்தீசுவரர் கோயிற் சுவரில் ஒரு கல்வெட்டு உள்ளது. இராசராசனுடைய இரண்டாம் ஆட்சியாண்டில், ஏறத்தாழ 987இல், அவன் வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துச் சபைக்கு விடுத்த ஓலை அது. கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், பஞ்சவன் பிரமாதிராசன் என்னும் பட்டம் பெற்ற இரவிதாசன், இருமுடிசோழ பிரமாதிராசன் என்னும் பட்டம் பெற்ற பரமேசுவரன் முதலியோரை அது குறிக்கிறது. அவர்களும் அவர்களுடைய உறவினரும் கொண்டிருந்த உடைமைகள் கைப்பற்றப்படுகின்றன. பிரமாதிராசன் என்பது அரசு உயர் அலுவலரான அந்தணர் பெற்ற பட்டம். அதாவது, அரசு கொடுத்த பட்டத்தைத் தாங்கியவர்களே அரச மகனைக் கொன்றதாக அரசு கூறுகிறது. ஏன் கொன்றனர்? யார் ஏவினர்? கல்வெட்டு வாய் திறக்கவில்லை.

கண்டது இவ்வளவே. இனி ஊகம். கரிகாலன் இறந்தபின் அரியணை ஏறியவன் சிற்றப்பன் முறையான உத்தம சோழன். அவன் காலம் முடிந்து இராசராசன் வந்த பிறகே இந்த நடவடிக்கை கல்லில் ஏறுகிறது. இதனாலும் திருவாலங்காட்டுச் செப்பேட்டுச் செய்தியாலும் பேராசிரியர் நீலகண்ட சாஸ்திரியார் உத்தம சோழனை ஐயுற்றார். சதாசிவ பண்டாரத்தார் அவ்வையத்தை மறுத்தார். நாவலும் படமும் மூன்றாவதான ஒரு வழியைக் கொண்டன. வீரபாண்டியன் தலையைக் கரிகாலன் கொய்தான் என்பதால், பழி தீர்க்க வந்த பாண்டிய நாட்டு ஆபத்துதவிகளாக இரவிதாசன் கூட்டத்தைக் காட்டின. கதைக்கு இது மிகவும் பொருந்தும். ஆயினும், கல்வெட்டில் சோழ அரசின் பட்டம் பெற்றவர்களாக நிற்போர் திரையில் பகை நாட்டு ஒற்றர்களாகிவிடுகின்றனர். உள்ளிருந்து வந்த கேடு வெளியிலிருந்து வந்ததாகிவிடுகிறது. அரசவை என்பதன் தன்மையே இங்கு மாறிப்போகிறது என்பது என் கருத்து. ஓர்ச்சாவின் மதில்களை மன்னிப்பேன். இதைச் சுட்டாமல் விட மாட்டேன்.

ஒரு சிறு வியப்பு. நாவல் வீராணம் ஏரிக்கரையில் ஆடிப் பெருக்கன்று தொடங்குகிறது. உடையார்குடிக் கல்வெட்டும் அவ்வேரியை அடுத்தே இருக்கிறது. ஏரியைக் காணப் போகும் வாசகர் பலர். கல்லைக் காணச் செல்வோர் எத்தனை பேரோ!

அறிவியல் மாணவன் என்ற முறையில் இடையே ஒன்றைச் சொல்லிக்கொள்கிறேன். வசனத்தையும் வாளையும் ஆராய்வோர் செடி கொடிகளைப் பார்ப்பதில்லை. போர்க்களக் காட்சியில் பின்னணியில் நிற்பது சீமைக் கருவேல். அஃது அமெரிக்காவிலிருந்து 19ஆம் நூற்றாண்டில் இங்கு வந்தது. அரண்மனைத் தோரணத்தில் துலுக்கச் சாமந்தி. அதன் தாயகம் மெக்சிகோ. பந்தியில் மிளகாய் கண்டால் போர்த்துக்கீசியருக்கு நன்றி சொல்ல வேண்டும். இராசராசன் அவையில் காரம் என்றால் மிளகுதான். அரசகுமாரி அமர்ந்து பெருமூச்செறியும் கடற்கரையில் சவுக்குத் தோப்பு. சோழ மண்டலக் கரையில் அது விறகுக்காக 19ஆம் நூற்றாண்டில் பரப்பப்பட்டது. எங்கள் அந்தமான் கரைகளிலோ சவுக்கு இயற்கையாகவே வளரும். மாறாக, தென்னை அந்தமானுக்குப் புதியது. 1858இல் தண்டனைக் குடியேற்றம் அமைந்த பிறகே இங்குத் தோப்பாகப் பெருகியது. நிக்கோபாரிலோ தொன்றுதொட்டுத் தென்னை உண்டு. இந்தப் பிழைகளால் எவருக்கும் தீங்கில்லை. ஆனால், ஒரு தாவரவியல் மாணவனை அழைத்து அரை நாள் உட்கார வைத்தால் தீர்ந்துவிடும்.

வசனத்தால் நின்ற படத்தையும் நினைத்துக்கொள்ள வேண்டும். 1959இல் வந்த 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படத்தில் அவனும் ஜாக்சன் துரையும் எதிர்ப்படும் காட்சியை மனப்பாடமாகச் சொல்லும் பெரியவர்கள் இத்தீவிலும் உள்ளனர். 1798 செப்டம்பரில் இராமநாதபுரத்தில் இருவரும் சந்தித்தது உண்மை. கைகலப்பில் கிளார்க் என்னும் படையலுவலன் இறந்ததும் உண்மை. அந்த அடுக்குமொழி மட்டும் சக்தி கிருஷ்ணசாமியின் எழுதுகோலில் பிறந்தது. 1799 அக்டோபர் 16இல் கயத்தாற்றில் தூக்கேறும்போது அவன் அஞ்சாது நின்றான் என்பதற்கோ அவனைத் தூக்கிலிட்ட பானர்மன் எழுதிய கடிதமே சான்று. சொற்கள் கற்பனை, அச்சொற்களில் உள்ள நெஞ்சுரம் ஆவணத்தில் உள்ளது. இவ்வகைக் கற்பனைக்கு நான் தலை வணங்குகிறேன்.

பிற நாட்டாரும் இத்தொல்லைக்கு விலக்கல்லர். தென்கொரியாவில் 2021 மார்ச்சில் 'ஜோசன் எக்சார்சிஸ்ட்' என்னும் தொலைக்காட்சித் தொடர், அந்நாட்டு அரசர் காலத்துக் கதையில் சீன நாட்டுத் தின்பண்டங்களைப் பரிமாறிக் காட்டியதற்காக இரண்டே பகுதிகளோடு நிறுத்தப்பட்டது. வட இந்தியாவில் 2018இல் 'பத்மாவத்' படத்துக்கு எழுந்த கலவரம் நாம் அறிந்ததே. அங்கே சண்டைக்கு மூலமான பத்மாவதி, சித்தூர் முற்றுகை நடந்த 1303க்கு இருநூறு ஆண்டுக்கும் மேற்பட்டுச் சூஃபிக் கவிஞர் ஜாயசி பாடிய காவியத்தின் தலைவி. திரையரங்கைத் தாக்கியவர்கள் எந்தச் சான்றையும் புரட்டிப் பார்த்ததாகத் தெரியவில்லை. கூச்சலிட்டுப் படத்தை நிறுத்துவது ஆராய்ச்சி ஆகாது.

இனி எங்கள் தீவுக்கு வருகிறேன். இராசேந்திரன் கடல் கடந்து வென்ற இடங்களைத் தஞ்சைக் கோயிலில் உள்ள அவனது மெய்க்கீர்த்தி பட்டியலிடுகிறது. ஸ்ரீவிஜயத்தில் தொடங்கிக் கடாரத்தில் முடியும் பதின்மூன்று பெயர்கள். கடாரத்துக்கு முந்திய பெயர் மாநக்கவாரம். அதுவே நிக்கோபார் என்பது அறிஞர் பலர் கொண்ட முடிபு. 'நெக்குவெரன்' என்று மார்க்கோ போலோ 13ஆம் நூற்றாண்டில் குறித்ததும் அதுவே. மெய்க்கீர்த்தி அதைப் பற்றிச் சொல்வது என்ன? தேன் பொருந்திய மலர்ச் சோலைகளை உடையது என்ற ஓர் அடைமொழி. அவ்வளவே. மாநக்கவாரம் என்னும் பெயருக்கு எதுகை தேடிய புலவன் நாவில் தேன் வந்து நின்றது என்று கொள்ளவும் இடமுண்டு. அங்கே கோட்டை கட்டினான், படைத்தளம் வைத்தான், ஆளுநரை அமர்த்தினான் என்று அந்த வரியில் இல்லை. அந்தமான் என்ற பெயரோ பட்டியலிலேயே இல்லை.

எங்கள் வகுப்பில் நிக்கோபாரைச் சேர்ந்த தோழர் ஒருவர் படிக்கிறார். பொன்னியின் செல்வன் இரண்டாம் பாகத்தை விடுதியில் கூடிப் பார்த்தபின், இங்கே எல்லார்க்கும் பொதுவான இந்தியில் அவர் என்னைக் கேட்டார்: "உங்கள் அரசர் எங்கள் ஊரை வென்றாராமே? மூன்றாம் பாகத்தில் எங்களையும் காட்டுவார்களா? காட்டினால், இடுப்பில் இலை கட்டி ஈட்டியோடு துள்ளுவோராகத்தான் காட்டுவார்கள், இல்லையா?" அவர் சிரித்துக்கொண்டுதான் கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடல் கடந்த சோழர் கதையைப் படமாக்க எவரேனும் முன்வந்தால், அவர் சொன்ன வண்ணமே நடக்கும் என்பதை நான் மறுப்பதெப்படி? 2010இல் வந்த 'ஆயிரத்தில் ஒருவன்' 1279இல் வீழ்ந்த சோழரின் எச்சத்தை வியட்நாமை அடுத்த ஒரு தீவில் குடியேற்றிக் காட்டியது. அது முழுக் கற்பனை என்று எல்லார்க்கும் தெரியும். ஆகவே தீங்கு குறைவு. அத்தீவிலும் வழியில் எதிர்ப்படும் பழங்குடியினர் கொல்லப்படுவதற்கென்றே வந்து போகின்றனர். சோழர் சோழரையே காண்கின்றனர். ஒரு தீவுக்குச் சொந்தக்காரர்கள் எவர் என்று படம் கேட்கவில்லை.

ஆகவே தோழருக்கு விடை சொல்ல நூல்களைப் புரட்டினேன். அரசவைப் புலவன் சொல்லாததை வழிப்போக்கர்கள் சொல்லியிருக்கின்றனர். 851ஆம் ஆண்டைச் சேர்ந்த அரபு நூல் ஒன்று 'லங்கபாலூஸ்' என்னும் தீவினரைப் பற்றிக் கூறுகிறது. கப்பல் வந்தால் அவர்கள் சிறியவும் பெரியவுமான தோணிகளில் வந்து, அம்பரையும் தேங்காயையும் கொடுத்து இரும்பை வாங்கிச் செல்வார்களாம். அம்பர் என்பது திமிங்கிலத்தின் குடலில் உருவாகும் நறுமணப் பொருள். அது கரையொதுங்கும் இடத்தையும் பருவத்தையும் அறிய வேண்டுமானால் கடலை நன்கு கற்றிருக்க வேண்டும். அந்தக் கல்விக்கு நாங்கள் இன்று பட்டம் பெறுகிறோம்.

அரபியருக்கும் முன்னரே, 673ஆம் ஆண்டையொட்டி, இ-சிங் என்னும் சீனத் துறவி கடாரத்திலிருந்து வடக்கு நோக்கிக் கப்பலேறினார். பத்து நாளுக்குமேல் சென்றபின் ஆடையற்றோர் நாட்டை அடைந்ததாக எழுதுகிறார். நக்கவாரம் என்ற நம் பெயரில் உள்ள 'நக்க' என்பதற்கும் அதுவே பொருள் என்பர். கடாரமும் நக்கவாரமும் மெய்க்கீர்த்தியில் அடுத்தடுத்து நிற்பது இதனால் விளங்கும். ஒரே கடல்வழியின் இரண்டு நிறுத்தங்கள் அவை. நாகப்பட்டினமும் கார் நிக்கோபாரும் ஏறக்குறைய ஒரே அட்சக்கோட்டின் பக்கத்தில் உள்ளன. தென்மேற்குப் பருவக்காற்றில் கிழக்கே பாய் விரித்தவனுக்கு இத்தீவுகள் எதிர்ப்படாமல் இரா. நன்னீரும் தேங்காயும் வேண்டியவன் இங்கே நின்றே ஆக வேண்டும். சோழர் கப்பலும் அப்படித்தான் நின்றிருக்கும் என்பது என் ஊகம். ஊகம் என்றே எழுதுகிறேன்.

இ-சிங் கண்ட காட்சியை நான் தோழருக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். கரை முழுதும் தென்னையும் கமுகும். கப்பலைக் கண்டதும் தோணிகள் நூற்றுக்குமேல் போட்டியிட்டு வருகின்றன. தேங்காய், வாழைப்பழம், பிரம்பிலும் மூங்கிலிலும் செய்த பொருள்கள் ஆகியவற்றைக் கொண்டுவருகின்றனர். பொன்னும் பட்டும் அவர்களுக்கு வேண்டா. இரும்பு மட்டும் வேண்டும். இரண்டு விரல் அளவு இரும்புக்கு ஐந்து முதல் பத்துத் தேங்காய் விலை. பேரத்துக்கு இசையாத கப்பலின்மேல் நச்சம்பு பாயும். ஓர் அம்பு பட்டாலும் பிழைப்பதில்லை.

தோழர் இதைக் கேட்டுவிட்டு, அந்தத் தேங்காய்க் கணக்கை மட்டும் மறுபடியும் ஒரு முறை சொல்லச் சொன்னார்.